பகலில் அந்த ஊரில் யார் இருப்பார்கள்?

மாலை எர்ணாகுளம் போட்டிலிருந்து மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில் இறங்கியபோது, டிக்கெட் கொடுக்கும் பௌலோஸ் சேட்டன் கூண்டை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார். இத்தனை வருடங்களில் அவரை நான் கூண்டுக்குள்தான் பார்த்திருக்கிறேன். "மோளே, மாமி போயி," என்றார். எந்த மாமி என்று நான் கேட்கவில்லை. ஜெட்டியில் மாமி என்றால் ஒருவர்தான்.

அன்று காலை, நான் போட் ஏறிச் சற்று நேரத்துக்கெல்லாம், விசாலம் மாமி காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து அவருடைய தம்பி மத்தியான வண்டியில் வந்து சேர்ந்தார். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை காயவில்லை. வாசலுக்கு நேரே அந்தக் கறுப்புக் குளிர்கோட்டு மட்டும் வழக்கம்போல ஆணியில் தொங்கியது.

அந்தக் குளிர்கோட்டை நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மழை விட்டு வெயில் முகம் காட்டினால் மாமி முதலில் செய்கிற காரியம் அதைக் கொடியில் போட்டுப் பூஞ்சணம் தட்டுவதுதான். "இந்த ஊர்ல இதுக்கு என்ன வேலை மாமி?" என்று கேட்டால், "எனக்கு வேலை குடுக்கறதாக்கும் அதோட வேலை" என்பார்.

இதைப் படிக்கிற நம் தெருக்காரர்களில் பாதிப் பேரையாவது மாமி ஒரு தடவை திருத்தியிருப்பார். டச்சு அரண்மனை வாசலில் ஒருநாள் ஒரு வழிகாட்டி, வெள்ளைக்காரர்கள் கூட்டத்திடம் "டச்சுக்காரர்கள் கட்டியது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் போன மாமி நின்றார். கட்டியது போர்ச்சுகீசியர், டச்சுக்காரர்கள் பின்னால் செப்பனிட்டார்கள், பெயர் மட்டும் அவர்களுக்குப் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார். "மாமிக்கு எந்தா, ப்ராந்தா?" என்று அவன் பின்னாலிருந்து கத்தினான். மாமி திரும்பாமலே, "பைத்தியம் பிடிச்சிருந்தா உன்னை மாதிரி காசு வாங்கிண்டு சொல்லுவேனே!" என்றார். அடுத்த மழைக்காலத்துக்குள் அவனும் போர்ச்சுகீசியர் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

மாமியின் கணவர் லண்டனில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குடியிருந்தது லண்டனில் அல்ல, அதற்குத் தெற்கே மார்லிங்ஹம் என்ற ஊரில். கணவர் அங்கேயே இறந்துபோக, எழுபதுகளின் தொடக்கத்தில் மாமி தனியாகத் திரும்பி வந்து, துறைமுகத் தீவான ஐலண்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சராகச் சேர்ந்தார். பிறகு எனக்கு எர்ணாகுளத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்தது. காலை போட்டில் முன்பக்கத்துப் பெண்கள் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்காருவேன். அவர் ஐலண்ட் ஜெட்டியில் இறங்குவார், நான் அக்கரை வரை போவேன். எங்கள் பழக்கமெல்லாம் அந்தப் பாதி வழியில்தான்.

ஊர்களைப் பற்றி மாமியிடம் ஒரு விசித்திரமான கேள்வி இருந்தது. யாருடைய மகனுக்காவது பம்பாயில் வேலை கிடைத்தது என்றால், சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார். "தாமசம், இருக்கறது, எங்க? டோம்பிவிலியா, ரயில்ல போயிட்டு வரதா? சரி. பகல்ல அங்க யாரு இருப்பா?" என்பார். பதில் தெரியாமல் அவர்கள் விழிப்பார்கள். எங்கள் அப்பா இதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பார். எனக்கு வரன் வந்த அன்று அப்பா சிரிப்பதை நிறுத்தினார்.

அதை இங்கே எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என் சொந்த விஷயம், அதைப் பிறர் முன் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மாமியைச் சொல்ல முடியாது. அன்று கூடத்தில் நடந்ததைப் பற்றி நம் தெருவில் உலவுகிற கதையும் சரியானதல்ல. தப்பாகச் சொல்லப்படுவதை மாமி பொறுக்கமாட்டார்.

பையன் லண்டன், நல்ல உத்தியோகம், மூன்று வார லீவில் வந்திருக்கிறான், போகும்போது கல்யாணம் செய்துகொண்டு போகவேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு மிளகு மண்டியில் அந்த வருடத்தோடு வேலை முடிகிறது. எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்து வருடங்கள் ஓடியிருந்தன. அன்று காலையிலிருந்து அம்மா யாரோடும் உரக்கப் பேசவில்லை. கூடத்தில் பையனும் அவர் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் இருந்தவர், பேச்சுத் துணைக்கு ஆகும் என்று மாமியையும் அப்பாவே கூப்பிட்டிருந்தார்.

பையனின் அப்பா ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். தண்ணீர்க் கரையில், குளிர்கோட்டு போட்டுக்கொண்டு, பையன் நிற்கிறார்.

"லண்டன்ல எடுத்ததாக்கும். குடியிருக்கற ஆத்துக்குப் பக்கத்துல பார்க். ஆபீசுக்கு நடந்தே போயிடுவான்."

போட்டோ கைமாறி மாமியிடம் வந்தது. மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம சூளைக்குளம்னா! பார்க் இல்லை, செங்கல் சூளைக்கு மண் தோண்டின குழி. இதோ, பின்னாடி கட்டைப் புகைபோக்கி. எந்தா குழந்தே, மார்லிங்ஹத்துல எந்த வீடு? ஸ்டேஷன் ரோடா? வாடகைக்கு விடறவ சிவப்புத் தலைமயிரோட ஒரு பொம்மனாட்டி, இன்னும் இருக்காளா?"

நம்மவர்களுக்கு வீடு கொடுக்கும் ஒரே பெண்மணி அந்த ஊரில் அவள்தான். மாமியின் கணவருக்குப் பிறகு, அதே அலுவலகத்துக்கு வந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக அதே வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள்; பையனும் அப்படித்தான். அதனால் மாமிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். தான் எதை உடைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

பையனின் அப்பா சிரித்தார். "மாமி எந்தக் காலத்துல பார்த்தேளோ. லண்டன் வளர்ந்துடுத்து."

"வளர்ந்தா? அந்தப் புகைபோக்கியை லண்டனுக்குத் தூக்கிண்டு போயிட்டாளா? ரயில்ல முக்கால் மணி நேரமாக்கும். லண்டனும் இல்லை, டவுனும் இல்லை. கிராமம்."

அந்தச் சொல் கூடத்தில் விழுந்ததும் அம்மா உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"கிராமமா? என்ன சொல்றேள் மாமி? மாடு கன்னெல்லாம் உண்டோ?"

"மாடு இல்லை. பாங்க் உண்டு, டாக்டர் உண்டு, ஆயிரக்கணக்குல வீடு உண்டு. இங்கிலாந்துலேயே பெரிய கிராமம்னு சொல்லிப்பா. இன்னொரு ஊர்க்காராளும் அதையே சொல்லிண்டிருக்கா, அது வேற வழக்கு. டவுனா ஆக்கறேன்னு யாரானும் வந்தா அடிக்கப் போவா. கிராமம்னாக்கும் அவாளுக்குப் பெருமை."

"அவாளுக்குப் பெருமை! மட்டாஞ்சேரில வளர்ந்து எம்.ஏ. படிச்ச பொண்ணைப் பட்டிக்காட்டுக்கு அனுப்பறது எனக்குப் பெருமையா?"

"அதில்லைம்மா, அது நம்ம நாட்டுப் பட்டிக்காடு மாதிரி இல்லை..." என்று மாமி ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்கோ!" என்றார் பையனின் அப்பா. இப்போது அவர் சிரிக்கவில்லை. "நாங்க பொய் சொல்றோம்ங்கறேளா?"

அதுவரை தலையைக் குனிந்திருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் ஊர் பேரைத்தான்ப்பா எழுதினேன். நீங்கதான் லண்டன்னு..."

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நம் தெருவில் சொல்கிற கதை இதோடு முடிந்துவிடும்: பொய்யைப் பிடித்து மாமி வரனைக் கலைத்தார் என்று. வரன் கலையவில்லை. அப்பா அவர்களை வாசல் வரை போய்ச் சமாதானப்படுத்தினார். கிராமமோ டவுனோ, பையன் யோக்கியன் என்பது அவர் முடிவு. பையனும் போகும்போது, "சனிக்கிழமை இன்னொரு தடவை வரேன். என்ன கேக்கணுமோ என்னையே கேளுங்கோ" என்றார். சனிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாகவேண்டும். "அந்த மாமியோட இனிமே போட்ல உக்காரவேண்டாம்" என்றார் அப்பா. வாழ்க்கையில் அப்பா எனக்கு நேரடியாகப் போட்ட தடைகள் மிகக் குறைவு.

மறுநாள் காலை போட்டில் மாமி வழக்கமான இடத்தில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னோட பேசப்படாதுன்னு உங்கப்பா சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்."

"பின்னே இங்க ஏன் வந்தே?"

"வேற இடம் இல்லை மாமி."

மாமி திரும்பிப் பார்த்தார். பின்னால் பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடந்தன. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்கம்மா கேட்டது தப்புக் கேள்வி," என்றார். "மாடு உண்டான்னா கேக்கறது? பகல்ல அங்க யாரு இருப்பான்னு கேக்கணும். நேத்து அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதுக்குள்ள சண்டை வந்துடுத்து."

போட் கரையை விட்டு விலகியிருந்தது. ஐலண்ட் வருவதற்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்பது போல அவர் வேகமாகப் பேசினார். அத்தனை வேகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"குளிர்காலத்துல ஆம்பளைகள் விடியறதுக்கு முன்னாடி லண்டனுக்குப் போவா, இருட்டினப்பறம் வருவா. காலம்பற வண்டி போயாச்சுன்னா அந்த ஊர்ல ஆம்பளைக் குரல்னா தபால்காரன் ஒருத்தன்தான். பொம்மனாட்டிகள் உண்டு, கதவு சாத்தியிருக்கும். முதல் வருஷம் ஒருநாள் ரொட்டிக் கடைல இருந்த பொண்ணு என்னமோ கேட்டா. பதில் சொல்ல வாயைத் திறக்கறேன், குரல் வரலை. இங்கிலீஷ் தெரியாம இல்லை. எத்தனை நாளாப் பேசலைன்னு எனக்கே தெரியலை. பயந்துபோயிட்டேன்."

முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பறமாக்கும் நடக்க ஆரம்பிச்சேன். மத்தியானம் ஸ்டேஷன் வரைக்கும் போவேன், திரும்புவேன். அத்தனை தூரம். ஒருநாள் அங்க இருந்த போர்ட்டரைக் கேட்டேன், ஊர் ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம், ஏன்னு. பழைய காலத்துல ஒரு நிலக்காரன் தன் வயல்ல ரயில் விடமாட்டேன்னுட்டானாம். அதனால தள்ளிப் போட்டா. அப்பறம் ஸ்டேஷனைச் சுத்தி வீடு வந்துது. பழைய ஊர்க்காரா இன்னும் அவாளை ஸ்டேஷன்காராங்கறா, வேத்து ஜாதி மாதிரி. அதுவாக்கும் நான் அந்த ஊர்ல கேட்ட முதல் கேள்வி. அவன் பதில் சொல்லிண்டே கூட நடந்து வந்தான். மறுநாள் இன்னொரு கேள்வி கொண்டுபோனேன். சூளை ஏன் நின்னுது, சர்ச்சுக் கோபுரத்தை ஏன் மரத்தால கட்டியிருக்கு, கல்லறைல ஒரே வீட்டுப் பேர் ஏன் இத்தனை தடவை... நீங்கள்லாம் மாமிக்கு என்ன அறிவுங்கறேள். அறிவு இல்லைடீ. பகல். அத்தனையும் பகல்."

"கஷ்டமா இருந்ததா மாமி?" என்று கேட்டேன்.

"கஷ்டம்னு மட்டும் சொன்னா பொய்யாயிடும். ஊரை டவுனாக்கலாமான்னு ஒருதடவை கூட்டம் போட்டா. பழைய கதை தெரிஞ்சவான்னு என்னைக் கூப்பிட்டா, கேட்டியா! ஒன்பது கஜத்தைக் கட்டிண்டு, மேல ஆத்துல தொங்கறதே, அந்தக் குளிர்கோட்டையும் போட்டுண்டு மேடை ஏறினேன். ஸ்டேஷன் கதையைச் சொன்னதும் ஸ்டேஷன்காராளும் கை தட்டினா. எங்காத்துக்காரர் அன்னிக்கு லீவு போட்டுண்டு பின்வரிசைல இருந்தார். ஆத்துக்கு வரும்போது, 'நம்ம ஊர்ல இத்தனை இருக்கா விசாலம்?'னார். எத்தனையோ வருஷமா இருக்கற ஊர்."

ஐலண்ட் ஜெட்டியில் போட் இடித்து நின்றது. மாமி எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டே, "நான் ஊரைச் சொன்னேன். போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. மனசிலாச்சா?" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இந்த முறை மாமி இல்லை. அப்பாவும் அம்மாவும் பையனின் அப்பாவும் கூடத்தில் இருந்தார்கள். எல்லோர் பார்வையும் என் மேல் இருந்தது. அம்மா என் பின்னால் நின்று என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள், நான் எங்கோ விழுந்துவிடுவேன் என்பது போல. சம்பளம், வீடு, குளிர் பற்றியெல்லாம் கேட்பேன் என்று பையன் தயாராக வந்திருந்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"பகல்ல அங்க யார் இருப்பா?"

அப்பா பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. இது யாருடைய கேள்வி என்று அவருக்குத் தெரியும்.

பையன் பதிலைத் தேடினார். அவசரமாக எதையாவது சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை, அதை நான் கவனித்தேன். பிறகு என்னை நேராகப் பார்த்து, "தெரியாது" என்றார். "பகல்ல நான் அங்க இருந்ததே இல்லை. ஞாயித்துக்கிழமை இருப்பேன். அன்னிக்கு எல்லாரும் இருப்பா."

எங்கள் கூடத்தில் அந்த வரன் விஷயமாகச் சொல்லப்பட்ட வார்த்தைகளில் இதைவிட உண்மையானது எதுவும் இல்லை. அதற்காகவே சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் நல்லவர். ஆனால் தான் வசிக்கும் ஊரை அவர் பார்த்ததில்லை. அதைப் பார்த்து, கேட்டு, அவருக்கும் சேர்த்துத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. குரல் வராமல் போகும் நாள் வரை காத்திருந்து பிறகு நடக்க ஆரம்பிக்கும் ஆள். அது மாமியால் முடிந்தது. என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் போனபின் அப்பாவிடம் வேண்டாம் என்றேன். அப்பா கோபப்படவில்லை. என் கல்யாணத்தைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. மாமியோடும் பேசவில்லை.

மாமிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை போட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"என்னோட பகலை வெச்சு உன் கல்யாணத்தை முடிவு பண்ணினியா? அது உனக்கு யாரு குடுத்த அதிகாரம்?"

"உங்க பகலை வெச்சு இல்லை மாமி. அவர் சொன்ன பதிலை வெச்சு."

"என்ன பதில்?"

சொன்னேன். மாமி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஐலண்ட் நெருங்கியபோது, "பாவம், பொய் சொல்லத் தெரியாத பையன்" என்றார். "நல்ல பையனைத்தான் விட்டிருக்கே."

"தெரியும் மாமி."

"தெரிஞ்சா சரி." அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

சில வருடங்கள் கழித்து மாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். போட்டில் என் பக்கத்து இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். காப்பி கொடுப்பார், தகவல் கொடுப்பார், கோட்டைத் தட்டச் சொல்வார். மற்ற நாட்களில் விடிந்ததும் நான் போய்விடுவேன், விளக்கு வைத்தபின் திரும்புவேன்.

மாமி இறந்த பிறகுதான், அம்மா சொல்லி, அவரோடு பேசாதிருந்த அப்பா பாடைக்குத் தோள் கொடுத்தது தெரிந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்த அடுத்த வாரம், காரணம் எதுவும் எழுதாமல் ஒரு நாள் லீவு போட்டேன். மத்தியானம் வீட்டில் இருக்க முடியாமல் வெளியே இறங்கி நடந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து ஒரு வேலைநாள் மத்தியானத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. சுக்கு கோடௌன் வாசலில் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து சத்தமாகக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் அவர்களுக்கு வெளியூர்க்காரி. தெரு முழுவதும் வெயிலும் மிளகு வாசனையும். கால் தானாக ஜெட்டிக்குப் போயிற்று.

பௌலோஸ் சேட்டன் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஈ நேரத்து மோள் இவிடே?"

"லீவு, சேட்டா."

அவர் மணியைப் பார்த்தார். "மாமி வர்ற நேரம்," என்றார், தமிழும் மலையாளமும் கலந்து. "தினமும் இந்த நேரத்துக்கு வரும். போட்டில் ஏறில்லா. இங்க நிற்கும், ஆளுங்களோட வர்த்தமானம் பேசும், திரும்பிப் போகும். மோளுக்கு அறியில்லே?"

எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் மாமி அதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

"மாமி போறதுக்கு முந்தின வாரம் என்கிட்ட ஒரு சோத்யம் கேட்டது," என்று சேட்டன் சிரித்தார். "'பௌலோஸே, போட் வர்றது தண்ணில, உன் கூண்டு ஏன் ரோட்டைப் பார்த்திருக்கு?'ன்னு. முப்பது வருஷம் இதுக்குள்ள இருக்கேன், அது எனக்குத் தோணலை. அறிஞ்சிட்டு வந்து சொல்றேன்னு போச்சு."

அவர் பார்வை தண்ணீர்ப் பக்கம் போய்விட்டது. நான் மாமி நிற்கும் இடம் எது என்று கேட்டேன். கைப்பிடிச் சுவரோரம், நிழல் விழும் இடத்தைக் காட்டினார். அங்கே மாலை போட் வரும்வரை நின்றேன். எர்ணாகுளத்திலிருந்து ஆபீஸ்காரர்கள் கூட்டமாக இறங்கி, யாரையும் பார்க்காமல், வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மார்லிங்ஹம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களும் இப்படித்தான் நடப்பார்கள். உங்கள் ஊரில் பகலில் யார் இருப்பார்கள் என்று என்னிடம் எவராவது கேட்டிருந்தால், அந்தப் பையனைப் போல நானும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். விசாலம் மாமி இருந்தார்.

குளிர்கோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி மாமியின் தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் இரண்டு. மாதத்தில் ஒரு வேலைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானத்தில் நடக்கிறேன். சுக்கு கோடௌன் பெண்கள் இப்போது என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவதில்லை. கூண்டு ஏன் ரோட்டைப் பார்த்திருக்கிறது என்று அவர்களையும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு காரணம் சொல்கிறாள். எது சரி என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் பௌலோஸ் சேட்டனிடம் போய்ச் சொல்லவேண்டும். மாமி வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.